1358 பிரெஞ்சு விவசாயக் கிளர்ச்சி: மன்னிப்புக் கடிதங்களைப் படிக்க உதவி தேவை

பாரிஸுக்கு வடக்கே 1358ல் நடந்த ஜாக்கெரி கிளர்ச்சியை வைத்து ஒரு மேடை நாடகம் எழுதுகிறேன். விவசாயிகள் வாய் திறந்து பேச வேண்டிய காட்சியில் வந்து அப்படியே நிற்கிறது.

பின்னணி இதுதான்: 1356ல் புவாத்தியே போரில் மன்னர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார், தோற்றது பிரபுக்கள், ஆனால் வரியும் கோட்டைகளைப் பழுதுபார்க்கும் வேலையும் விழுந்தது குடியானவன் தலையில். 1358 மே 28 அன்று சேன்-லூ-தெசெரான் கிராமத்தில் வெடித்தது. ஜூன் 10, மெல்லோ அருகே பிரபுக்கள் நசுக்கினார்கள். அதுவும் எப்படி? பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு, வந்த விவசாயிகளின் தலைவர் கியோம் கால் என்பவரைப் பிடித்து வைத்துக்கொண்டு! படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அந்த நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஃப்ரொய்சாரின் நூலை ஆங்கிலத்தில் படித்துவிட்டேன், முழுக்கப் பிரபுக்களின் பார்வை. துறவி ழான் த வெனெத் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறார், ஆனால் அவரும் வெளியாள்தானே. அப்புறம்தான் கிளர்ச்சிக்குப் பின் அரசு கொடுத்த மன்னிப்புக் கடிதங்களைப் பற்றித் தெரிந்தது. பிரான்ஸ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஜேஜே 86 பதிவேட்டில் நிறைய இருக்கின்றன; இன்ன ஊர்க்காரன், இன்ன வீட்டை இடிக்கப் போனான், ஊரார் வற்புறுத்தியதால் போனான் என்று ஆளாளாக. வரலாற்றாசிரியர் சிமெயோன் லூஸ் 1859ல் சிலவற்றை அச்சிட்டிருக்கிறார், ஆனால் மூலத்தின் 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் பாதி வாக்கியம் குழம்பிவிடுகிறது.

இந்தக் கடிதங்களின் நம்பகமான ஆங்கில மொழிபெயர்ப்பு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?