ஜனவரியில் ராமேஸ்வரம் கரைத் தூண்டில்: வடகடலா, தென்கடலா?

மணல்திட்டு:
ஜனவரி இரண்டாம் வாரம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். கரையில் நின்று தூண்டில் போடணும், பிள்ளைகள் குளிக்க அலை இல்லாத தண்ணீரும் வேணும். பத்தடி ராடு, 4000 ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) கையில் இருக்கு. எந்தக் கரை நல்லது? தண்ணீர் கலங்கியிருந்தால் மீன் கடிக்குமா?

வாடைக்காத்து:
முதலில் காற்றைப் பாருங்க, கரையை அப்புறம் முடிவு பண்ணலாம். அந்த மாதம் காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது. காற்று விடாமல் அடித்தால் அடிச்சேறு கிளம்பிடும். அறுந்த கடல்தாழை (கடல்புல்) கரையெல்லாம் ஒதுங்கி தூண்டில் நரம்பில் சுத்தும். அதே நாளில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடா பக்கம், காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் அலை அடங்கியிருக்கும், உங்க வீச்சும் கூடுதல் தூரம் போகும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஜூன், ஜூலையில் எல்லாமே தலைகீழ்.

தண்ணீர் 26 டிகிரியை ஒட்டி இருக்கும், பிள்ளைகள் தாராளமா குளிக்கலாம். ஆனா அமைதியான தென்கடலில்தான் ஒரு ஆபத்து: காற்றடைத்த டியூப், மிதவை எதையும் கொடுக்காதீங்க. கரைக்காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிட்டுப் போயிடும். தனுஷ்கோடி தாண்டி இருக்கும் அரிச்சல்முனையில் குளிக்கவே வேண்டாம், இரண்டு கடலும் சேரும் இடம், நீவாடு (நீரோட்டம்) பலமா இழுக்கும்.

கிழங்கான் பிரியன்:
உங்க ராடுக்கு முதல் குறி கிழங்கான். ஓடும் ஈயம் 30 முதல் 40 கிராம், அதற்குக் கீழே ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), பிறகு 0.30 மி.மீ. நரம்பு இரண்டடி, 8ஆம் எண் தூண்டில் முள். தோலுரித்த இறாலை விரல் நகம் அளவுக்கு நறுக்கி, முள் முனை லேசா வெளியே தெரியக் கோருங்க. பெரிய துண்டு போட்டால் நுனியை மட்டும் கடிச்சு உருவிட்டுப் போகும். பலர் செய்யும் தப்பு, பலம் கொண்ட மட்டும் தூர வீசுவது. கிழங்கான் முதல் மணல்திட்டுக்கு முன்னாடி இருக்கும் பள்ளத்தில், கரைக்கு இருபது முப்பது மீட்டரிலேயே மேயும். வீசிட்டு சும்மா வைக்காதீங்க. ஈயம் மணலில் உரசும்படி மெதுவா இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்க.

நரம்பு வெட்டினாப்போல அறுந்து வந்தால் அது பேத்தை மீன் பல்லால் கடித்த வேலை. முள்ளை மாத்திப் பயன் இல்லை, முப்பது நாற்பது அடி தள்ளிப் போயிடுங்க.

மணல்திட்டு:
நன்றி. ஊளி, பாறை மீன்களுக்கு லூர் (செயற்கை இரை) போடலாமா? காற்றில் பிரெய்டு அடிக்கடி சிக்கிக்குது, அதுக்கு என்ன வழி அண்ணே?

வாடைக்காத்து:
சிக்கலுக்குக் காரணம் ஸ்பூலில் தளர்வாச் சுத்தும் நரம்பு. லூர் தண்ணீரைத் தொடும் முன்னாடியே விரலால் ஸ்பூலை லேசா அழுத்துங்க. விழுந்ததும் ரீலின் கம்பி வளையத்தைக் கையால் மூடி, ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிட்டுச் சுத்துங்க. கைப்பிடியைச் சுத்தி மூடுற பழக்கத்தை விடணும்.

ஊளிக்கு 40 கிராம் மெட்டல் ஜிக் (உலோக லூர்) போதும். பல்லுக்காக லூருக்கு முன்னால் ஒரு சாண் கம்பி லீடர் கட்டாயம். வெளுக்க ஆரம்பிச்சதிலிருந்து சூரியன் நல்லா மேல ஏறும் வரைதான் நேரம். இந்த மீன்கள் கண்ணால் வேட்டையாடும், கலங்கலில் லூர் வீண். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு தெரிந்தால் அதன் தெளிவுப் பக்கம் வீசுங்க.

பாம்பன்பார்:
கலங்கலை அப்படியே ஒதுக்கிட வேண்டாம். சாளையைத் துண்டு போட்டு அடியில் வைத்தால் கெளுத்தி வரும், அது வாசனையில் தேடுற மீன். இங்கே ஏற்றவற்று (ஓதம் ஏறி இறங்கும் உயரம்) ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால ஓத அட்டவணையை விடக் காற்றுக்கு மதிப்புக் கொடுங்க. புயல் கூண்டு ஏற்றியிருந்தால் எந்தக் கரையும் வேண்டாம்.

படகுக்காரர் யாராவது தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னா ஏறாதீங்க. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் போனால் வழக்கு. கடல் அட்டை, கடல் குதிரை கரையில் கிடந்தாலும் தொட வேண்டாம்.

கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊற வைத்தால் வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்குங்க. முள் உடைஞ்சு உள்ளே நின்றால் நேரா மருத்துவமனைதான்.