இயக்குநர் குரலில் போலி ஆடியோ: மறுப்பை எப்படி வெளியிடுவது?

ஒரு தொண்டு நிறுவனத்தில் மக்கள் தொடர்பு வேலை பார்க்கிறேன். எங்கள் இயக்குநர் பேசுவதுபோல், "உதவித்தொகை இனி கிடையாது" என்று ஏஐ மூலம் செய்த போலி ஆடியோ திங்கள்கிழமையிலிருந்து சுற்றுகிறது. குரல் அச்சு அசல் அவருடையதுதான். ஆனால் மூச்சு வாங்கும் சத்தமே இல்லை. நிறுவனத்தின் சுருக்கப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்கிறது, அவர் அப்படிச் சொல்லவே மாட்டார். உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைகள் பதறிப்போய் அழைக்கிறார்கள், அதுதான் மனதைப் பிசைகிறது.

வீடியோ தளத்தில் புகார் கொடுத்தோம், நீக்கிவிட்டார்கள். அதிகம் பரவுவது மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது வெளியாட்கள் பார்க்க முடியாத, அரட்டைக் குழுக்களில். அங்கே தேடி நீக்க வழியில்லை. ஏஐ போலிகளைக் கண்டறியும் கருவியோ, பலமுறை பகிர்ந்து தரம் குறைந்த கோப்பை 'உண்மை' என்கிறது. சி2பிஏ சான்றுடன் (கோப்பு எங்கிருந்து வந்தது என்று காட்ட அதிலேயே பதிக்கும் டிஜிட்டல் முத்திரை) மறுப்பு வீடியோ தயார். பதிவேற்றினால் பல இடங்களில் அந்தச் சான்று உதிர்ந்துவிடுகிறது.

இப்படி ஒன்றைக் கையாண்டவர்கள் சொல்லுங்கள்: மறுப்பு வீடியோவில் அந்தப் போலி ஆடியோவின் ஒரு துண்டைப் போட்டுக் காட்டலாமா, கூடாதா?