அபுதாபியிலேயே அமெரிக்க இமிகிரேஷன்: அம்மாவுக்காக ஓர் உதவி

எல்லோருக்கும் வணக்கம். 68 வயதான என் அம்மா அடுத்த மாதம் சென்னையிலிருந்து அபுதாபி வழியாக நியூயார்க் வருகிறார். தனியாக வருவது இதுதான் முதல் தடவை. 2014 முதல் அபுதாபியிலேயே அமெரிக்க அதிகாரிகள் இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து அனுப்புகிறார்கள். இங்கே வந்து இறங்கினால் உள்நாட்டுப் பயணி போல நேராக வெளியே வந்துவிடலாம். அது பெரிய நிம்மதிதான். ஆனால் கேள்வி, கைரேகை எல்லாம் நடுவழியிலேயே நடக்கும். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அடுத்த விமானத்துக்கு இரண்டே கால் மணி நேரம்தான் இருக்கிறது.

சமீபத்தில் பெற்றோரை அப்படி அழைத்து வந்தவர்கள் சொல்லுங்கள்: இந்த நேரம் போதுமா? வீல்சேர் கேட்டால் உதவியாளர் அதிகாரியின் மேசை வரை கூட வருவாரா? தமிழில் பேச ஆள் கிடைப்பார்களா? அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என் முகவரி, போன் நம்பர், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், கறிவேப்பிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வத்தலும் மாவடுவும் பெட்டியில் இருக்கின்றன. அவற்றையும் படிவத்தில் எழுதச் சொல்லட்டுமா?