பிஎச்பி: எக்கோ, பிரிண்ட் வேறுபாடும் வரிசை மாறி வரும் வெளியீடும்

கேள்வி:
வணக்கம். இணையப் பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி நிரல்மொழியில், தொகையைக் கணக்கிட்டுக் காட்டுவதற்காகத் தொகை() என்ற ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் பகுதி) எழுதி, அதற்குள்ளேயே எக்கோ (பக்கத்தில் வெளியிடும் கட்டளை) கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் எக்கோ "மொத்தம்: " . தொகை(); என்று எழுதினால், "மொத்தம்: 500" என்று வராமல் "500மொத்தம்: " என்று வருகிறது. எக்கோவை எடுத்துவிட்டு பிரிண்ட் போட்டாலும் இதே விளைவுதான். இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு? வரிசை ஏன் மாறுகிறது?

மறுமொழி 1:
இரண்டும் ஃபங்ஷன்கள் அல்ல, மொழியிலேயே அமைந்த கட்டளைகள். ஆகவே அடைப்புக்குறி தேவையில்லை. பிரிண்ட் ஒரே ஒரு மதிப்பை ஏற்று, எப்போதும் 1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். எக்கோ எதையும் திருப்பித் தராது. ஆனால் காற்புள்ளியிட்டுப் பல மதிப்புகளைக் கொடுக்கலாம். வேகத்தில் எக்கோ முந்துகிறது என்று பலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம், நடைமுறையில் அது தெரியவே தெரியாது.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் புள்ளிதான். புள்ளியால் இணைக்கும்போது முழுச் சரமும் (எழுத்துகளின் தொடர்) உருவான பிறகே எக்கோ அதை வெளியிடும். சரம் உருவாக வேண்டுமானால் தொகை() முதலில் ஓடியாக வேண்டும். அது ஓடும்போதே உள்ளிருக்கும் எக்கோ 500-ஐ வெளியிட்டுவிடுகிறது. தொகை() எதையும் திருப்பித் தராததால் "மொத்தம்: " என்பதோடு வெற்றுச் சரமே சேருகிறது. புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இட்டால் வரிசை சரியாகிவிடும், ஏனெனில் எக்கோ ஒவ்வொரு மதிப்பையும் கணக்கிட்டவுடனே வெளியிட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்கிறது. ஆயினும் அதைத் தீர்வாகக் கொள்ளாதீர்கள். கணக்கிடும் ஃபங்ஷன் ரிட்டர்ன் மூலம் மதிப்பைத் திருப்பித் தரட்டும், வெளியிடுவதைப் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும். அப்போதுதான் அதே தொகையை மின்னஞ்சலிலோ வேறொரு கணக்கிலோ பயன்படுத்த முடியும்.

மறுமொழி 2:
புள்ளியைப் பற்றி இன்னொன்று. எக்கோ "கூடுதல்: " . 5 + 3; என்ற வரி பிஎச்பி 7-இல் எச்சரிக்கையோடு வெறும் 3 என்று காட்டும், 2020-இல் வந்த பிஎச்பி 8-இலோ "கூடுதல்: 8" என்று காட்டும். பழைய பதிப்புகளில் புள்ளிக்கும் கூட்டல் குறிக்கும் ஒரே முன்னுரிமை இருந்ததால் இடமிருந்து வலமாகக் கணக்கிடப்பட்டது; இப்போது கூட்டலே முதலில் நடக்கிறது. எந்தப் பதிப்பானாலும் கூட்டலை அடைப்புக்குறிக்குள் எழுதுவதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ரிட்டர்ன் கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் பிறர் எழுதிய நிரலில் இதுபோல் உள்ளுக்குள்ளேயே எக்கோ செய்யும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது, அதை நான் மாற்ற இயலாது. அதற்கு வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. அதை அழைப்பதற்கு முன் ஓபி_ஸ்டார்ட்() கொடுத்தால், அதன் பின் வரும் வெளியீடெல்லாம் உலாவிக்குப் போகாமல் நினைவகத்தில் தேங்கும். அழைத்து முடித்ததும் ஓபி_கெட்_க்ளீன்() கொடுத்தால், தேங்கிய அனைத்தும் ஒரு சரமாகக் கைக்கு வரும், தேக்கமும் மூடப்படும். பயனர் படிவத்தில் இட்ட பெயர் போன்றவற்றை வெளியிடும்போது மட்டும் எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்() வழியாக அனுப்பத் தவறாதீர்கள். இல்லையேல் அவர் இடும் ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடும்.