பழைய பிஎம்டபிள்யூ 325ஐ, டிராக்கில் ஓட்டத் தயார் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கீழக்கரை 325

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2008 மாடல் 325ஐ (325i) இருக்கிறது. இ90 மாடல், 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், 218 குதிரைத்திறன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஓடியது 96,000 கி.மீ., நான் மூன்றாவது ஆள். சென்னையில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வாசலில்தான் நிற்கிறது, வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும், அவ்வளவு பக்கம்.

சின்ன வயதிலிருந்தே டிராக்கில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. போட்டிக்கெல்லாம் இல்லை, சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ வருடத்துக்கு மூன்று நான்கு முறை போய் ஓட்டினால் போதும். கையில் நாலு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு நான் போட்ட கணக்கு: இசியு ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த ஏர் ஃபில்டர்), முழு எக்ஸாஸ்ட், லோயரிங் ஸ்பிரிங் (காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்), மிச்சம் இருந்தால் டயர். இந்த வரிசை சரியா? இந்தக் காரை டிராக்கில் ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, வேலை முடிந்ததும் ஒருநாள் விடியற்காலையில் தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை போகிற ரோட்டில் சோதனை ஓட்டம் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறேன். நேர் ரோடு, அந்த நேரத்தில் ஆள் இருக்காது.

பரமக்குடிக்காரன்

தம்பி, நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன், கரியில் ஆறேழு தடவை ஓட்டியிருக்கிறேன். முதலில் அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அரிச்சல்முனை ரோட்டில் வேண்டாம். விடியற்காலையில் ஆள் இருக்காது என்று யார் சொன்னது? சூரிய உதயம் பார்க்க வேன் வேனாக வருகிறார்கள், வலைக்காரர்கள் நடந்து போகிறார்கள், காற்று அடித்தால் ரோட்டின் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். 120-இல் போகும்போது முன் சக்கரம் மணல் திட்டில் ஏறினால் நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டுபவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. டிராக்கில் செய்ய வேண்டியதை டிராக்கில் மட்டும் செய்யுங்கள்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். உங்கள் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். உங்கள் காரில் டர்போ கிடையாது. ரீமேப் செய்தாலும் எக்ஸாஸ்ட் மாற்றினாலும் சத்தம் கூடுமே தவிர ஓட்டும்போது தெரிகிற அளவுக்கு சக்தி வராது. 218 குதிரைத்திறன் உங்கள் முதல் வருடத்துக்குத் தாராளம். கரி டிராக் மொத்தமே 2.1 கி.மீ. சுற்றளவுதான், நேர்ப் பாதை முடிவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டி வரும். காலி வண்டியே 1,500 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கிற காரை நிமிடத்துக்கு நாலைந்து முறை அழுத்திப் பிடித்தால் அத்தனை வேகமும் சூடாக மாறி டிஸ்க்கில்தான் இறங்கும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல்முறை போனபோது என்னிடமும் ஒரு பழைய ஜெர்மன் செடான்தான். பிரேக் பேட் புதிது, டயர் புதிது, எல்லாம் சரி என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில் சுட்ட ரப்பர் போல ஒரு வாடை வந்தது. நான்காவது சுற்றில் பெடலை மிதித்தேன், பஞ்சை மிதித்தது போல உள்ளே போனது, இரண்டாம் முறை மிதித்தபோதுதான் கொஞ்சம் பிடித்தது. வளைவைத் தாண்டி மண்ணில் இறங்கி நின்றேன், காருக்கு ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது. காரணம் பேட் இல்லை, பிரேக் ஆயில். அதை மூன்று வருடமாக மாற்றவே இல்லை.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதுவே 155-க்கு இறங்கிவிடலாம். டிராக்கில் காலிப்பருக்குள் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம்) அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி, ஆவியை அழுத்தினால் சுருங்கும், பெடல் தரைக்குப் போகும். கீழக்கரை மாதிரிக் கடல் காற்றடிக்கும் ஊரில் வருடம் பூராவும் ஈரம்தான். அதனால் உங்கள் முதல் செலவு நல்ல டாட் 4 அல்லது 5.1 ஆயில், நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து முழுவதும் மாற்றுவது. இரண்டாவது, சூடு தாங்கும் பேட். ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னாலும் ஆயிலை மாற்றுங்கள், சில ஆயிரம் ரூபாய்தான்.

துபாய்வாசி (ஊர் கீழக்கரை)

நம்ம ஊர்ப் பிள்ளை டிராக்குக்குப் போகிறேன் என்று எழுதியதைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். நான் இங்கே துபாய் ஆட்டோட்ரோம் டிராக்கில் இதே இ90 உடலில் 330ஐ ஓட்டுகிறேன். பிரேக் பற்றி மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நாலு லட்சம் இருக்கிறதே, அதனால் நேராகக் காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) போடு, செமி ஸ்லிக் டயர் (டிராக்குக்கென்று வரும், பள்ளம் குறைந்த டயர்) போடு. லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டால் பழைய ஷாக் அப்சார்பர் தாங்காது, அது காசைக் கடலில் போட்ட மாதிரி.

முன் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் வேண்டும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். கம்பெனி அமைப்பில் அது ரொம்பக் குறைவு, அப்படியே ஓட்டினால் முன் டயரின் வெளி ஓரம் ஒரே நாளில் தேய்ந்து போகும். முன் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் தட்டில் ஒரு சின்ன பின் இருக்கும், அதை எடுத்துவிட்டு ஸ்ட்ரட்டை உள்ளே தள்ளினாலே அரை டிகிரி அளவுக்குக் கிடைக்கும், செலவே இல்லை. அப்புறம் இதே வரிசையின் வேகமான மாடலான எம்3-யின் முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) உன் காரில் அப்படியே பொருந்தும், அதில் இன்னும் கொஞ்சம் கேம்பர் கிடைக்கும், ஸ்டீயரிங்கும் இறுக்கமாகும். நான் செய்ததிலேயே காசுக்கு அதிகம் பலன் தந்தது அதுதான்.

கார் சறுக்காமல் பிடிக்கிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை முதல் நாளே முழுக்க அணைக்காதே. பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் டிடிசி என்கிற நிலை வரும், அதில் கொஞ்சம் சறுக்க விடும், மீறினால் பிடித்துக்கொள்ளும். ஒன்று தெரிந்துகொள், அப்போது சுழலுகிற பின் சக்கரத்தைப் பிரேக் போட்டுத்தான் அடக்கும், பின் பிரேக் உனக்குத் தெரியாமலேயே சூடாகும்.

தொண்டி பட்டறை

எல்லாரும் டிராக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கார் நிற்கிற இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் இருபத்தைந்து வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பாம்பன் பக்கம் உலகத்திலேயே இரும்பு அதிகம் அரிக்கும் இடங்களில் ஒன்று என்று சொல்வார்கள், அதை நான் தினமும் கையில் பார்க்கிறேன். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இரண்டு வருடம் மூடாமல் நின்ற காரை, தம்பி, கீழே படுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள்.

இந்தக் காரின் அடியில் பிளாஸ்டிக் தட்டுகள் வரிசையாக இருக்கும். கச்சான் காற்றில் வருகிற பொடி மணல் அந்தத் தட்டுக்கும் ஃப்ளோருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்பு மணல் காயவே காயாது, ராத்திரி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். தட்டு மூடியிருப்பதால் மேலே பார்த்தால் கார் பளபளவென்று இருக்கும். அந்தத் தட்டையெல்லாம் கழற்றி, பிரேக் பைப் பின்னால் போகிற வழியெங்கும் ஒரு திருப்புளி முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மேல் பூச்சு மட்டும் உரிந்து உள்ளே பளிச்சென்று இருந்தால் சரி. பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தால் அந்தப் பைப்பை மாற்றாமல் டிராக்குக்குப் போகக் கூடாது. டவுனில் மிதிக்கிற மிதி வேறு, அங்கே மிதிக்கிற மிதி வேறு.

காலிப்பர் நிப்பிளை (பிரேக்கில் ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) வேகமாகத் திருகாதீர்கள், நம்ம ஊரில் அது உள்ளேயே ஒடியும். முதல் நாள் துருநீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் லேசாகத் தட்டி, அப்புறம் திருகுங்கள்.

என்ஜினைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த என்ஜின் பிளாக்கின் வெளிப்பகுதி மக்னீசியம், உள்ளே அலுமினியம். அதில் மாட்டுகிற போல்ட் அலுமினியம், நுனியில் நீல நிறம் இருக்கும், ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும். யாராவது கடையில் கிடைத்த இரும்பு போல்ட்டைப் போட்டிருந்தால் உப்புக் காற்றில் மக்னீசியத்தை அரித்துவிடும். அதையும் பாருங்கள். அப்புறம் வாட்டர் பம்ப் கரண்டில் ஓடுவது, சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். 96,000 ஓடிவிட்டது, பழையதே இருந்தால் பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிகிறதா பாருங்கள், அந்த ஆயில் பெல்ட்டில் பட்டால் பெல்ட் நார் நாராகப் பிரிந்து முன்பக்க கிராங்க் சீல் வழியாக என்ஜினுக்குள்ளேயே போய்விடும். சின்ன கேஸ்கெட்தான், விட்டால் என்ஜினே போகும்.

கோன் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். என்ஜின் சூட்டைத்தான் இழுக்கும், கூடவே நம்ம ஊர் மணலையும் இழுக்கும். கம்பெனிப் பெட்டியில் புது ஃபில்டர் போடுங்கள்.

பரமக்குடிக்காரன்

பட்டறை அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை, நான் அதை யோசிக்கவே இல்லை.

துபாய் நண்பருக்கு ஒரு வார்த்தை. செமி ஸ்லிக் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் அங்கே டிராக்குக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். தம்பி கீழக்கரையிலிருந்து கோயம்புத்தூருக்கு 300 கி.மீ.க்கு மேல் அதே டயரில் ஓட்டிக்கொண்டு வந்து, அதே டயரில் திரும்ப வேண்டும். சென்னை என்றால் 500-ஐத் தாண்டும். வழியில் மழை பெய்தால் அந்த டயர் பிடிக்காது. ராமநாதபுரம் ஜில்லா பூராவும் சீமைக்கருவேலம், ரோட்டோரம் ஒதுங்கினாலே முள். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது, கம்பெனி ரன் ஃப்ளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) போட்டுக் கொடுத்தது. ரன் ஃப்ளாட் கனம், பக்கச்சுவர் தடிமன், வளைவில் எவ்வளவு பிடி இருக்கிறது என்று கைக்குத் தெரியாது, அதனால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் நல்ல சாதாரண ஸ்போர்ட்ஸ் டயராக மாற்றுங்கள், டிக்கியில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் மோட்டாரும் வையுங்கள். முதல் வருடம் சாதாரண டயரில் ஓட்டினால் அது சறுக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லும், ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள்.

காற்று அழுத்தத்தை ஓடிவந்து சூடாக இருக்கும்போது பாருங்கள், ஆறேழு பிஎஸ்ஐ ஏறியிருக்கும், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், ஒரு டார்க் ஸ்பானர் வாங்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் சரிபாருங்கள். ஐந்து சுற்று ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பி-யில் போட்டுக் கல்லை வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படியுங்கள், பந்தயம், வேகச் சோதனை இதற்கெல்லாம் பொருந்தாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் இடித்தால் முழுச் செலவும் நம்முடையது, அந்தப் பணம் கையில் தனியாக இருக்க வேண்டும். அப்புறம் சீட்டைக் கழற்றுவது, எக்ஸாஸ்ட்டை வெட்டுவது எல்லாம் வேண்டாம். 2019-இல் உச்ச நீதிமன்றமே கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது, 15 வருடம் தாண்டிய கார் அடுத்த எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. முன்னால் போய் நிற்க வேண்டும்.

கீழக்கரை 325

அண்ணன்மாருக்கும் துபாய் காக்காவுக்கும் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) ரொம்ப நன்றி. பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது, காரணம் காரைத் தூக்கிப் பார்த்தேன்.

ராமநாதபுரத்தில் தெரிந்தவர் லிஃப்டில் ஏற்றி அடித்தட்டுகளைக் கழற்றினோம். இடதுபக்கத் தட்டிலிருந்து மட்டும் ஒரு பெயின்ட் டப்பா நிறைய மணல் கொட்டியது, தொட்டால் ஈரமாக இருந்தது. பின் சக்கரத்துக்குப் போகிற பைப்பில், வளைகிற இடத்தில், திருப்புளியை வைத்ததும் ஒரு துண்டு செதிள் மாதிரி பெயர்ந்து என் கையில் விழுந்தது. விரலால் நசுக்கினேன், தூளாகிவிட்டது. நான் அரிச்சல்முனையில் சோதனை ஓட்டம் பார்க்கலாம் என்று எழுதினேனே, அந்தப் பைப்போடுதான் பார்த்திருப்பேன். அதை நினைத்தால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

இப்போது பின்பக்கப் பைப் இரண்டும் புதிது, ஹோஸ் நான்கும் புதிது, டாட் 4 புதிது. ஒரு நிப்பிள் ஒடிந்தது, அந்தக் காலிப்பரை மாற்றியாகிவிட்டது. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கசிந்துதான் இருந்தது, பெல்ட் ஓரத்தில் எண்ணெய் இருந்தது. கேஸ்கெட், பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் சொல்லியிருக்கிறேன். ரீமேப்பும் எக்ஸாஸ்ட்டும் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன். பேட், டயர், எம்3 லோயர் ஆர்ம், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஷாக் நான்கும் கம்பெனி அளவிலேயே புதிது போடலாம் என்று இருக்கிறேன். காக்கா, காயில்ஓவர் அடுத்த வருடம் பார்க்கிறேன்.

அண்ணே, இனி காரை எப்படிப் பாதுகாப்பது? இடம் மாற்ற வழியில்லை.

தொண்டி பட்டறை

நல்லது செய்தீர்கள் தம்பி. வாரம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள், போர் தண்ணீர் வேண்டாம், நம்ம பக்கம் அதுவே உப்பு. மேலே மட்டும் கழுவிப் பயனில்லை. தட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மணலைத் தட்டுங்கள். அண்டர்பாடி கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடிக்க யாரையும் விடாதீர்கள், சுரண்டி, காயவைத்து, பிரைமர் போட்டு அப்புறம்தான். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். ஓலைக் கொட்டகை போட்டாலும் போதும், காற்று போக வேண்டும், கடல் பக்கம் மட்டும் அடைப்பு வையுங்கள்.

பரமக்குடிக்காரன்

கரியில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரியே வந்து என் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள், ஹெல்மெட் முகம் முழுக்க மூடுவதாக வாங்கி வாருங்கள். டார்க் ஸ்பானர் என்னிடம் இருக்கிறது.