கூடி மொப்பின் ‘சோல் ஃபுட்’: இதில் அப்படி என்ன இருக்கிறது?

களுவாஞ்சிக்குடித்_தம்பி:
நியூயோர்க் றப் கேட்டு வளர்ந்தவன் நான். அமெரிக்காவின் தென்பகுதி ஹிப் ஹொப் என்றால் இதுதான் என்று நண்பன் ஒருவன் கூடி மொப் குழுவின் இந்த அல்பத்தைத் தந்தான். இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டேன். ஒரே மந்தம், உச்சரிப்பும் விளங்கவில்லை. நாலு பேரும் எதைப் பற்றித்தான் பாடுகிறார்கள்?

கல்லடிப்_பாலம்:
தம்பி, நியூயோர்க்கே அப்போது அப்படித்தான் நினைத்தது. 1995 ஆகஸ்டில் அங்கே நடந்த சோர்ஸ் என்ற ஹிப் ஹொப் சஞ்சிகையின் விருது விழாவில், சிறந்த புதிய குழுவுக்கான விருதை வாங்க அட்லாண்டாவின் அவுட்காஸ்ற் மேடையேறியபோது சபை கூ அடித்தது. தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார் அந்தக் குழுவின் அன்ட்றே. அந்த நவம்பரில் ‘சோல் ஃபுட்’ வந்தது. அவுட்காஸ்ற், கூடி மொப் இரண்டு குழுவும் இசைத் தயாரிப்பாளர் ரிக்கோ வேட் வீட்டு நிலவறையில் உருவானவை.

அல்பத்தில் ‘செல் தெரபி’ பாட்டை முதலில் கேளுங்கள். நாலு பேரில் ஒருவரான சீலோவின் குடும்பம் ஒரு தொடர்மாடிக்குக் குடிவருகிறது. வாசலில் இலக்கம் அழுத்தித் திறக்கிற கேற் போடுகிறார்கள். இவருக்குச் சந்தேகம்: கேற் குற்றத்தை வெளியே நிறுத்தவா, எங்களை உள்ளே வைத்திருக்கவா?

அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டேன். தொண்ணூறுகளில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துதான் டவுனுக்குப் போவேன். சென்றி, அதாவது ஆமிச் சோதனைச் சாவடி, வந்தால் இறங்கி உருட்ட வேண்டும். மண் நிரப்பிய பரல்கள், குறுக்கே ஒரு தடி. அப்பா அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார், பத்தடி முன்பே கையில் எடுத்துவிடுவார். உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்பார்கள். அப்பா ஒன்றும் பேசமாட்டார். வீட்டுக்கு வந்ததும் அட்டையைத் துடைத்து மறுபடி சுற்றி வைப்பார்.

காத்தான்குடி_ஓட்டோ:
அது மந்தம் இல்லை தம்பி, பேஸ். ஃபோனில் கேட்டால் பாதிதான் கேட்கும். நான் பின்சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன், முதுகெலும்பால் கேட்கலாம். எனக்குப் பிடித்தது தலைப்புப் பாட்டு. தெருவின் அத்தனை கஷ்டத்துக்கும் நடுவில் கோழிப் பொரியலையும் கீரையையும் பாடுகிறார்கள், கேட்டால் பசிக்கும். ‘கெஸ் ஹூ’ அம்மாமாரைப் பற்றியது. அதை ஹயர் இருக்கிற நேரம் போடுவதில்லை. ஒருமுறை கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, பின்னால் இருந்த ஆள் ஓட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

களுவாஞ்சிக்குடித்_தம்பி:
கல்லடி அண்ணன், மூன்றாவது தடவைதான் கேற் வருகிற வரி பிடிபட்டது. அப்புறம் அம்மாவிடம் சென்றிக் கதை கேட்டேன். பன்னிரண்டு மணியாகியும் அவர் முடிக்கவில்லை.
நானா, ஸ்பீக்கர் எத்தனை இஞ்சி?