ஜெர்மனியில் மதங்களுக்கு அரசு அங்கீகாரம்: தொடரலாமா, தூக்கிவிடலாமா?

ரைன்கரை:
ஜெர்மனியில் எந்த மதக்குழுவும் சாதாரண சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு மேல்படி ஒன்று இருக்கிறது: பொதுச் சட்ட அமைப்பு. அதில் ஏறிவிட்டால் உறுப்பினர்களிடம் அரசின் வழியாகவே வரி பிடிக்கலாம். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகள் இப்படித்தான் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் வாங்குகின்றன. முஸ்லிம்களில் அகமதியா ஜமாத்துக்கு 2013இல் ஹெசன் மாநிலம் இந்தத் தகுதியைக் கொடுத்தது. பெரிய சுன்னி அமைப்புகள் இன்னும் வாசலில்தான் நிற்கின்றன. இது ஓரவஞ்சனை இல்லையா?

கணக்குப்பிள்ளை:
இல்லை. சட்டம் கேட்பது நிலைத்து நிற்கும் அமைப்பும் போதுமான உறுப்பினர்களும்தான். ஜெர்மனியின் 1919 வைமார் அரசியல் சட்டத்தின் விதி அது, 1949இன் புதிய அரசியல் சட்டத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர் பட்டியலே சரியாக இல்லாதவர்கள் வந்து நின்றால் 'நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்?' என்று அரசு கேட்கத்தான் செய்யும். இங்குள்ள துருக்கிய முஸ்லிம்களின் பெரிய அமைப்பான டிட்டிப்பின் பள்ளிவாசல்களுக்கு இமாம்களை அனுப்பி வந்தது துருக்கி அரசின் மதத்துறை. அது மட்டும் சின்ன விஷயமா?

ரைன்கரை:
துருக்கி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பட்டியல் என்பதே சர்ச் வழக்கம் அண்ணே. ஞானஸ்நானம் கொடுத்த அன்றே பெயர் ஏறிவிடும். நம் கோவிலில் யார் உறுப்பினர்? வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவரா, தேருக்கு மட்டும் தலைகாட்டுகிறவரா?

கால்வாய்க்கரை:
நான் ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போகிறவள். ஈழத்திலிருந்து அகதியாக வந்தவர்கள் எழுப்பிய கோவில், 2002இல் குடமுழுக்கு. தீர்த்தத்துக்கு அம்பாள் பக்கத்துக் கால்வாய்க்குத்தான் போகிறாள்! இன்று அதுவும் பொதுச் சட்ட அமைப்பு. இதே விதிக்குள்தான் கிடைத்தது. சட்டை நமக்கு அளவெடுத்துத் தைத்ததில்லை, ஆனாலும் போட்டுக்கொள்ள முடிந்தது.

ஊர்க்குருவி:
எதற்கு இந்த வம்பு? பிரான்ஸ் 1905இல் செய்தது போல எந்த மதத்தையும் அரசு அங்கீகரிக்காது என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

ரைன்கரை:
முடியவில்லையே! 1905க்கு முன் கட்டிய பெரும்பாலான கத்தோலிக்கத் தேவாலயங்கள் அங்கே உள்ளாட்சிகளின் சொத்து, பழுது பார்ப்பது பொதுப் பணத்தில். பின்னால் வந்தவர்கள் சொந்தக் காசில்தான் கட்டவேண்டும். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இன்றும் பாதிரியாருக்கும் யூத ரபிக்கும் அரசு சம்பளம், இமாமுக்குக் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பூட்டு என்கிறீர்கள், முன்னால் வந்தவர்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார்களே.

கணக்குப்பிள்ளை:
அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதா? அரசோடு ஒத்துப்போகாத குழுவுக்கு அரசே வரி பிடித்துக் கொடுக்க வேண்டுமா?

கால்வாய்க்கரை:
இதைத்தான் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவக் குழுவின் வழக்கில் கேட்டார்கள். அவர்கள் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை. அதைக் காட்டி 1997இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தகுதி தர மறுத்தது. 2000 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டத்தை மதித்து நடந்தால் போதும், அரசிடம் தனி விசுவாசம் காட்டத் தேவையில்லை என்றது. அதன் பிறகும் பெர்லினில் தகுதி கைக்கு வர 2006 ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
சரி, ஓட்டுப் போடாததை விட்டுவிடுகிறேன். வெளிநாட்டு அரசு சம்பளம் கொடுத்து அனுப்பிய இமாம் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.